அத்தை இறங்கிய ராகிக்குழி

மைசூர் காலேஜ் கேன்டீனில் எவனாவது வீரக்கதை அளந்தால் நான் நேராக அத்தையைக் களத்தில் இறக்கிவிடுவேன். என் அத்தை கெத்து. அதில் பேச்சே கிடையாது.

நான் நாலாவது முடித்த லீவில் மைசூரிலிருந்து ராமாபுரம் பக்கம் அத்தை ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு வருடமாக மழை இல்லை. போர்வெல் காற்றைத்தான் கக்கியது. இரண்டு தெருவுக்கும் ஒரே டேங்கர். முதல் குடம் யாருக்கு என்று தினமும் சண்டை. எங்கள் கீழத்தெருவுக்கு அத்தை தளபதி, மேலத்தெருவுக்கு டெய்லரக்கா. ஒருநாள் பறந்த கல்லில் டேங்கர் கண்ணாடி போனது. இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்றால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். மூன்று நாள் காட்டுக் கிணற்றுக் கலங்கல்தான். எல்லார் வீட்டிலும் ராகியும் தீர்ந்து, ஒருவேளைக் கஞ்சி.

நாலாம் நாள் அத்தை வாசலைத் தோண்டினாள். நல்ல மழை பெய்த வருடம் ராகியைக் கொட்டி மூடிய குழி அது. வாய் குறுகல், வயிறு பெரிது. உள்ளே கெட்ட காற்று நிற்கும், ஆளையே கொல்லும். அதனால் முதலில் விளக்கை இறக்குவார்கள். இறக்கியதும் பொசுக்கென்று அணைந்தது. மத்தியானம்வரை திறந்துபோட்டு மறுபடி இறக்கியபோது நின்று எரிந்தது.

இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மேலே பிடித்திருப்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் இழுத்துவிட வேண்டும். மாமா கையை நீட்டினார். இடுப்பில் கட்டிக்கொண்ட அத்தை அவரைத் தாண்டிப் போய், வேடிக்கை பார்க்க வந்திருந்த டெய்லரக்காவிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

“நீங்களே புடிங்கக்கா.”

“நானா? வுட்டுட்டுப் போயிட்டா என்ன புள்ள பண்ணுவ?”

“போங்க. ஆவியா வந்து உங்க தையல் மிஷின் மேலயே உக்காந்துக்கறனுங்.”

கூட்டம் சிரித்தது. டெய்லரக்கா சிரிக்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். அத்தை மேலே வரும்வரை அவள் வாய் ஓயவில்லை: “இருக்கியா? பேசு புள்ள, பேசு.” அத்தை கீழிருந்து திட்டியே பதில் சொன்னாள்.

கூடை கூடையாக ராகி வந்தது, ஒரு பூச்சி இல்லை. இரண்டு தெருவுக்கும் சமபங்கு. டிரைவருக்குச் செய்தி போய் மறுநாள் டேங்கர் வந்தபோது ஒரே வரிசை. அத்தையும் டெய்லரக்காவும் முன்னும் பின்னும், இன்னும் திட்டிக்கொண்டேதான்.

மைசூர் திரும்பியதும் ஸ்கூலில் கிளாஸ் முழுக்க இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு இடத்தை மட்டும் மாற்றிவிட்டேன். எதிரி கையில் கயிறு என்றால் அத்தையின் கெத்து குறைந்துவிடும் என்று அந்த வயதில் நினைத்து, மாமா பிடித்ததாகச் சொல்லிவைத்தேன்.