சைக்கிளுக்கு இரண்டு பூட்டு

முதல் பூட்டைப் பின்சக்கரத்தில் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் மரினஸ். இரண்டாவது, சங்கிலிப் பூட்டு. அதை நீரேற்று நிலையத்தின் இரும்புக் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். நான்கு எட்டு வைத்ததும் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். காலை ஆறு மணி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆடுகளும் மழையும்தான். ஓஸ்ட்வேர் என்ற அந்தக் கடலோரக் கிராமத்தில் கடைசியாகச் சைக்கிள் திருடு போனது எப்போது என்று ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

இதே மனிதர் தம் வீட்டுக்கு ஒரு காசு இன்சூரன்ஸ் கட்டியதில்லை. தீ, இடி, புயல் எதற்கும் இல்லை. கர்த்தர் அனுப்புவதைத் தடுக்க நாம் யார் என்பது அவர் சபையின் எண்ணம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் விஷயத்தில் மட்டும் அவர் மனம் வேறு கணக்குப் போடுகிறது. மனைவி தன்னா இதைச் சொல்லிக் காட்டாத வாரம் இல்லை.

"வீட்டை அவரு பாத்துக்குவாரு. சைக்கிளுக்கு மட்டும் அவரு பத்தாதோ?"

"வீடு அவரு குடுத்தது. சைக்கிள் நான் வாங்கினது."

"என்னை?"

"உன்னை உங்கப்பா குடுத்தாரு."

"அப்ப எனக்கு எத்தனை பூட்டு?"

முப்பத்தோரு வருடமாக இந்தக் கேள்வி வந்ததும் மரினஸ் காபியை உறிஞ்சிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவர் வேலை, கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே கிடக்கும் ஓர் ஊரை ஈரமில்லாமல் வைத்திருப்பது. வாய்க்கால்கள் எல்லாம் அவர் நிலையத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே இரண்டு பம்புகள் தண்ணீரைத் தூக்கி, கடலைத் தடுத்து நிற்கும் அணைக்கு அப்பால் கொட்டுகின்றன. மழைக்காலத்தில் நான்கு நாள் அவை ஓய்வெடுத்தால் உருளைக்கிழங்கு மிதக்கும். உள்ளே நுழைந்ததும் மரினஸ் முதலில் செய்வது, முதல் பம்பின் விலாவில் உள்ளங்கையை வைப்பது. மாட்டுக்காரன் மாட்டைத் தொடுவானே, அதே மாதிரி. பிறகு வெளியே போய் அளவுப் பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். உள்ளே கணினித் திரை அதையே மில்லிமீட்டர் சுத்தமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஏன் இந்த இரட்டை வேலை என்று கேட்டால், "திரை பொய் சொல்லாது. ஆனா அது ஒரு நாளும் நனைஞ்சதில்ல பாருங்க" என்பார்.

இடது கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு. மீதியை, பம்புக்கு முன்னாலிருக்கும் கம்பித் தட்டியில் குப்பை அள்ளும் இயந்திர நகம் பத்து வருடம் முன்பு வாங்கிக்கொண்டது. "பத்துல ஒண்ணு கர்த்தருக்கு, தசமபாகம். எங்கிட்ட பாதிதான் வாங்கியிருக்காரு, தள்ளுபடி" என்று விரலைத் தூக்கிக் காட்டுவார். குழந்தைகளுக்கு இந்த நகைச்சுவை பிடிக்கும். போதகருக்குப் பிடிக்காது.

தினக் குறிப்பேட்டில் அவர் எழுதும் எல்லா வரிகளும் ஒரே வாலோடு முடியும். 'நாளை காலை ஆறு மணிக்கு இரண்டாம் பம்பு ஓடும், கர்த்தருக்குச் சித்தமானால்.' தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி இதைப் படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"மரினஸ், பம்பு ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் எழுதுங்க, போதும்."

"அதைத்தாம்மா எழுதியிருக்கேன்."

அடுத்த மாதம் புதுப் படிவம் வந்தது. எழுத இடமே இல்லை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். மரினஸ் 'ஆம்' என்பதில் ஒழுங்காகக் குறி போட்டார். கட்டத்துக்குப் பக்கத்து ஓரத்தில், எறும்பு எழுத்தில், வாலையும் சேர்த்தார். அலுவலகம் அதற்குமேல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சபையின் மூப்பர். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. பிரசங்க பீடத்தின் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி போட்டிருக்கும் பெஞ்சு. தூங்கினால் ஊரே பார்க்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்பவருக்கு வீடு வீடாகப் போய்க் கண்டித்துப் பேசும் கடமையும் உண்டு. அந்தக் கடமையில்தான் போன வருடம் விஸ்ஸேயின் வீட்டுக்குப் போனார்.

விஸ்ஸே முப்பத்தைந்து வயது விவசாயி. மார்ச் மாதத்து இரண்டாம் புதன்கிழமை ஊருக்கு ஜெபநாள். விதைப்புக்கு முன்பு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஆலயத்தில் உட்கார்ந்து விளைச்சலுக்காக வேண்டிக்கொள்ளும் நாள். அன்றைக்குப் பார்த்து விஸ்ஸே டிராக்டரை எடுத்துக்கொண்டு வெங்காயம் விதைத்தான். மரினஸ் அவன் சமையலறையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "கர்த்தர் ஒரு நாளைக்கு உன் டிராக்டர் இல்லாம சமாளிச்சுக்குவாருப்பா" என்றார். அந்த வாக்கியம் ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரொட்டிக்கடையில் இரண்டு வாரம் அதுவே பேச்சு. சொன்னவருக்கும் உள்ளூரப் பெருமைதான். விஸ்ஸே மட்டும் அன்றிலிருந்து மரினஸைக் கண்டால் தொப்பியைத் தொடுவதோடு சரி, வாய் திறப்பதில்லை.

இந்த வருட ஜெபநாள் மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்தது. வடமேற்குக் காற்றில் கடல் அணைக்கு வெளியே ஏறி நின்றது. இரண்டு பம்புகளும் இரவும் பகலும் ஓடின. விஸ்ஸேயின் மேய்ச்சல் நிலம் ஊரிலேயே தாழ்ந்த இடம். அங்கே நாற்பது ஆடுகள், குட்டி போடும் பருவம். அன்று மரினஸுக்கு விடுமுறை. இயந்திரங்கள் தாமாக ஓடும், கோளாறு என்றால் அன்றைய பணிமுறைக்காரன் வருவான். அவன் வீடு ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. மரினஸ் அதிகாலையில் ஒரு தடவை போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, வீடு திரும்பிக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஆலயச் சுவரோரம் சைக்கிளை இரண்டு பூட்டும் போட்டு நிறுத்தினார்.

போதகர் வழக்கம்போலப் பிரசங்கத்தை மூன்று பகுதியாக அறிவித்தார். ஒன்று, கர்த்தரின் கரம். இரண்டு, மனிதனின் கரம். மூன்று, அந்தக் கரத்தின் கீழே இந்தக் கரத்துக்கு என்ன வேலை. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் பெஞ்சு பெஞ்சாகப் பெப்பர்மின்ட் சுருள் கைமாறும், ஆளுக்கு ஒரு மிட்டாய். அந்த ஊரில் பிறந்தவர்கள் நித்தியத்தைப் பற்றிக் கேட்ட அத்தனையையும் பெப்பர்மின்ட் வாசத்தோடுதான் கேட்டிருக்கிறார்கள். முதல் பகுதிக்கு முதல் மிட்டாய். மலைகளைத் தராசில் நிறுப்பவர், சமுத்திரத்தை உள்ளங்கையில் அளப்பவர் என்று போதகர் சொல்லச் சொல்ல, மரினஸுக்கு மனம் குளிர்ந்தது. தம்மைவிடப் பெரிய ஒருவர் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கேட்க அவருக்கு எப்போதுமே ஆசை.

ஆனால் அவரிடம் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் இருந்தது. ஆலயமும் நீரேற்று நிலையமும் ஒரே அணையின் மேல், முந்நூறு அடி இடைவெளியில் நிற்கின்றன. பம்பின் அதிர்வு மண் வழியாக வந்து, மூப்பர் பெஞ்சின் கீழிருக்கும் பலகைத் தரையில் ஏறி, ஷூவின் அடியில் லேசாகக் கூசும். இருபது வருடமாக அவர் பிரசங்கத்தைக் காதாலும் பம்பைக் காலாலும் கேட்டு வந்திருக்கிறார். இது பாவமா என்று போதகரைக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

இரண்டாம் பகுதி முடிந்தது. மனிதனின் கரம் துரும்பென்று ஆயிற்று. மூன்றாவது பெப்பர்மின்ட் மரினஸின் கைக்கு வந்தது. அதை வாயில் போடப்போன அதே நேரத்தில் கால் அடியில் கூச்சம் பாதியாயிற்று. கொஞ்சம் பொறுத்து, முழுக்க நின்றது.

கம்பித் தட்டியில் குப்பை அடைத்திருக்கிறது, இயந்திர நகம் சிக்கியிருக்கிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அவர் தலை நிமிர்ந்தார். எட்டாவது வரிசையில், தாழ்ந்த ஜன்னல் ஓரமாக விஸ்ஸே உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் நிலையத்தின் வாய் தெரியும். வெளியே கொட்டும் நுரை நின்றுபோனதை அவனும் பார்த்திருந்தான். அவன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து மரினஸைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தான்.

கர்த்தர் ஒரு நாளைக்கு உன் பம்பு இல்லாமல் சமாளித்துக்கொள்வார். அந்த வாக்கியம், டிராக்டர் மட்டும் பம்பாகி, திரும்பி வந்து மரினஸின் நெஞ்சில் உட்கார்ந்தது. எழுந்து போனால், கடலைத் தாங்குவது என் கைதான் என்று சபை நடுவில் சொன்னதாகும். உட்கார்ந்திருந்தால், நாற்பது ஆடுகளையும் பிறந்து இரண்டு நாளான குட்டிகளையும் பணயம் வைத்துக் கர்த்தரைச் சோதிப்பதாகும். அவருக்கு இதையெல்லாம் விட ஒன்று உறுத்தியது. அந்தப் பையன் எழுந்திருக்காமல் இருப்பது கர்த்தருக்குப் பயந்து அல்ல, தமக்குப் பயந்து.

மிட்டாயைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பலகை முனகியது. போதகர் பாதி வாக்கியத்தில் நின்றார். அந்த ஆலயத்தில் பிரசங்கத்தின் நடுவே மூப்பர் பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து போனதில்லை. ஒரு முறை ஒருவர் அங்கேயே உயிரை விட்டபோதுகூட, ஆமென் சொல்லும் வரை காத்திருந்துதான் தூக்கினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. எட்டாவது வரிசையில் மரினஸ் நின்றார்.

"விஸ்ஸே, வாப்பா" என்றார். ஆலயத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் நேரே சைக்கிளிடம் போனார். ஒரு சாவி சட்டைப் பையில் கிடைத்தது. இன்னொன்று மழைக்கோட்டில், மழைக்கோட்டு உள்ளே தொங்கியது. சங்கிலியை வெறுங்கையால் இழுத்தார்.

"விடுங்க மூப்பரே, ஓடிரலாம்" என்றான் விஸ்ஸே. ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

ஓடினார்கள். தட்டியில் ஒரு வில்லோ மரக்கிளை குறுக்கே விழுந்து, அதன் மேல் நாணல் பாய் பாயாகச் சுருண்டு கிடந்தது. மரினஸ் இயந்திர நகத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நீளக் கழி போட்ட இரண்டு வாரிகளை எடுத்து வந்தார். கறுப்புக் கோட்டோடு இருவரும் முழங்கால் வரை இறங்கினார்கள். கிளை அசைய மறுத்தது. அரை மணி நேரம் இழுத்தும் நெம்பியும், ஒருவழியாக அது கரைக்கு வந்தது.

நாணலை வாரிக்கொண்டே மரினஸ் கேட்டார். "போன வருஷம் ஏன் அன்னைக்குப் போயி விதைச்சே?"

"மறுநாள்லேர்ந்து பத்து நாளு மழைன்னு சொன்னாங்க. அந்த ஒரு நாளுதான் மண்ணு பதமா இருந்துச்சு. விதை வேற கடன்ல வாங்கினது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. தொப்பியக் கழட்டினீங்க, சொல்ல வந்ததச் சொன்னீங்க, கேக்கைத் தின்னுட்டுப் போயிட்டீங்க."

மரினஸ் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார்.

விஸ்ஸே அடுத்த பாய் நாணலை அவர் பக்கமிருந்தும் சேர்த்து வாரினான்.

உள்ளே போய் மரினஸ் பம்பை முடுக்கினார். முதலாவது இருமியது, பிறகு ஓடியது. இரண்டாவதும் பிடித்துக்கொண்டது. விலாவில் உள்ளங்கையை வைத்தார். பக்கத்திலேயே, யாரும் சொல்லாமல், விஸ்ஸேயும் தன் கையை வைத்துப் பார்த்தான். இருவரும் வெளியே வந்து அளவுப் பலகைக்கு எதிரே ஈரக் கல்லில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஆடுகள் மேட்டில் நெருக்கியடித்து நின்றன. தண்ணீர் வேலியின் கீழ்க் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது, இன்னும் தாண்டவில்லை.

"இறங்கிருமா, மூப்பரே?"

"இறங்கும்" என்றார் மரினஸ். வால் எங்கே என்று விஸ்ஸே அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பலகையின் கோட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அவருக்குச் சித்தமானா" என்று சேர்த்தார்.

காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஆலயத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"மூணாவது பகுதியக் கோட்டை விட்டுட்டோமே" என்றான் விஸ்ஸே.

மரினஸ் கோட்டுப் பையில் கையை விட்டார். பெப்பர்மின்ட் ஓரம் கரைந்து, நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஊதித் துடைத்து, கடைவாய்ப் பல்லில் வைத்து இரண்டாகக் கடித்து, பெரிய துண்டை விஸ்ஸேயின் கையில் வைத்தார்.