மேனேஜரின் சப்பாத்து

எண்பதுகளின் நடுவில், கோலா சிலாங்கூரில் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருந்த முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆலோசனை என்று பெயர்தானே தவிர, எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் திட்டுதான். கழிவறைக்குப் போனால்கூட மேனேஜர் நேரம் குறித்து வைப்பார். வாயைத் திறந்தால், "ஒங்களுக்கெல்லாம் பால்மரம் வெட்டத்தான் லாயக்கு" என்பார். அவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான், அது வேறு விஷயம்!

இதில் எனக்கென்று ஓர் எரிச்சல் பிடித்த வேலை இருந்தது. மேனேஜர் அறையில் புதுக் கம்பளம். சப்பாத்தைக் கதவோரம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு யாராவது படியேறும் சத்தம் கேட்டால், நான் ஓடிப்போய் அந்தச் சப்பாத்தைத் தூக்கி என் மேசைக்கு அடியில் ஒளித்துவிட்டு, "மேனேஜர் வெளியூர் போயிட்டாரு" என்று சொல்ல வேண்டும். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்துவிட்டு எனக்கு இந்த உத்தியோகம்!

சுங்கை சோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா பஸ் மாறி மாறி இரண்டு முறை வந்து, இப்படித்தான் திரும்பிப் போனார். அவருடைய காசோலை தயாராகிப் பத்து நாளாகியிருந்தது. மேனேஜர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்றாம் முறை வந்தபோதும் சப்பாத்தை ஒளித்துவிட்டு அதே பொய்யைச் சொன்னேன்.

"வீட்டுக்காரருக்கு வேல முடிஞ்சிருச்சு தங்கச்சி. தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமக்குள்ள முன்பணம் கட்டலன்னா பாத்து வச்ச வீடும் போயிரும். ஒரு கையெழுத்துதான லா" என்றார். குரலில் கோபமே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல் பாதி, என் மேல் பாதி. குனிந்து சப்பாத்தை எடுத்துக் கொண்டுபோய், அக்கா பார்க்கவே கதவோரம் வைத்தேன்.

அவர் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைத் திறந்த மேனேஜர், காலுறையோடு அவர் முன்னால் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். வெளியில் இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் முரண்டு பிடிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே, "நாளைக்கு வராத" என்று என் சீட்டையும் கிழித்தார்.

வேலை போனதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால், காசோலையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "நல்லாருப்ப தங்கச்சி" என்று சொன்ன அந்த அக்கா, "மொத ரெண்டு தடவ ஏன் பொய் சொன்ன?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே படியிறங்கிப் போனதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.