நைனிடால் ஏரியில் ஒரு படகு

எழுபதுகளில் செங்கல்பட்டு யாத்திரைக் கோஷ்டியோடு நைனிடால் போனேன். மாமல்லபுரத்து மீனவர் ஒருவரும் மனைவியோடு வந்திருந்தார். அகன்ற தோள்காரர். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் காற்றை மோந்து பார்ப்பார்.

கோஷ்டி பனிமலை பார்க்க மேலே ஏறியது; நான் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டேன். அவரோ ஏரிப் படகுக்காரனிடம் துடுப்பை வாங்கிக்கொண்டு மனைவியை ஏற்றினார்.

“ஊர்ல பாக்காத படகா?” என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

“எங்க குப்பத்துல பொம்பள கட்டுமரம் ஏறக்கூடாது, அண்ணாத்த. இவ கேட்டுகினே இருந்தா. இங்க யாரு பாக்கப் போறாங்க?”

“பேச்ச வுட்டுட்டு துடுப்ப போடுய்யா!” என்றார் அந்த அம்மாள்.

இருட்டும்வரை அவர்கள் கரையேறவில்லை.

பிறகொரு நாள் மாமல்லபுரம் கடற்கரையில், வலை இழுக்கும் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பதறி, உதட்டின்மேல் விரல் வைத்தார். மீன்கூடையோடு நின்ற அவர் மனைவி எல்லார் காதிலும் விழக் கேட்டார்:

“அண்ணே, மறுபடி எப்ப யாத்திர? சாமி கும்புடணும்!”