நான் போனால் மட்டும் ஓடிய மோடம்

மோடம் விற்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: அவன் விற்பது பெட்டியை, வாங்குகிறவர் காசு கொடுப்பதோ பெட்டிக்குள் இல்லாத ஒன்றுக்கு. 2005-லிருந்து சில வருஷம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். அரியலூர் வரைக்கும் போய் வீடுகளில் பிராட்பேண்டு மாட்டிக் கொடுப்பேன். பச்சை விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரியாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்னோடு அப்படிக் காத்திருந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு அந்த விளக்கில்தான் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

பெயர் விளக்கம்

மோடம் என்பது இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய பெயர். போகிற சைகையை ஏற்றி அனுப்பும், வருகிறதை இறக்கி வைக்கும். தமிழில் 'பண்பேற்றி இறக்கி' என்று ஓர் அகராதியில் பார்த்து மகிழ்ந்துபோய், கடை வாசலில் பலகையிலும் எழுதி வைத்தேன். அதைப் படித்துவிட்டுக் கல்லங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு விவசாயி உள்ளே நுழைந்தார். சொல் பிறந்த கதையில் தொடங்கி, தொலைபேசிக் கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் இடித்துக்கொள்ளாமல் எப்படிப் போகின்றன என்பது வரை அவருக்குச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். இன்றைக்கு வரை என் விரிவுரையை முழுதாகக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்பதால் மரியாதையோடு அவர் பதிலைத் தருகிறேன்: "விளக்கம் நல்லா இருக்குங்க சார். இடி இடிச்சா புடுங்கி வைக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

பக்கத்து வீட்டில் விசாரணை

கலைவாணி அரியலூர்க்காரர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. திருச்சிக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்து இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்று கம்பெனியில் ஒரு மாதம் பரீட்சை வைத்திருந்தார்கள். நேரத்துக்கு ஃபைல் வந்து சேராவிட்டால் மறுபடியும் திருச்சி பஸ். தவழ்கிற பிள்ளையை விட்டுப் போக முடியாது என்பதால் அதற்கு 'வேலை போய்விடும்' என்று அர்த்தம். "லைன் அறுந்துபோவாத மோடமா குடுங்க சார்" என்றார்.

நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. இதை ஏற்கெனவே வாங்கியவர் விலாசம் வேண்டும் என்றார். அரியலூரில் உரக்கடை வைத்திருப்பவர் விலாசத்தைக் கொடுத்தேன். என்னைப் பற்றி நல்லதாகவே சொல்லக்கூடியவர் என்பதும் ஒரு காரணம். கலைவாணி அந்த வீட்டுப் படியையே ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலா விசாரிப்பார்கள்? மறுநாள் வந்து அந்த மோடத்தையே வாங்கிக்கொண்டார். எந்தத் தொழில்நுட்ப இதழிலும் நான் பார்த்திராத அந்த மதிப்புரையை, பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபடியே என்னிடம் சொன்னார்: "மோடத்தைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும். அந்த வூட்டுப் பையன் ரெண்டு மாசமா கிரிக்கெட் ஆட வெளிய வரல. நல்லதாத்தான் இருக்கும்."

மாடி ரூம்

மோடத்தை அவர்கள் வீட்டுக் கூடத்தில் டெலிபோன் பக்கத்தில் வைத்து, உள்அறையில் இருந்த கம்ப்யூட்டருக்கு நீள ஒயர் இழுத்துக் கொடுத்தேன். கையேட்டை வரி விடாமல் படிக்கிறவன் நான். 'காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்றிருந்ததை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினேன். உடனே ஜன்னல் ஓரமாக நகர்த்தினார்கள். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. லைன் அறுந்து அறுந்து வருகிறது, ஒரு ஃபைல் தாமதமாகிவிட்டது, இன்னொன்று தாமதமானால் அவ்வளவுதான் என்று திருச்சியில் சொல்லிவிட்டார்களாம்.

வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மோடம் சமர்த்தாக ஓடியது. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவைகூட அறுபடவில்லை. நான் பெரம்பலூரில் வந்து இறங்குவதற்குள் அறுந்துவிட்டது. அடுத்த முறை வேறு மோடம் கொண்டுபோய் மாற்றினேன். அதுவும் நான் இருந்தவரை ஓடியது, கிளம்பியதும் படுத்துக்கொண்டது. லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து வீடு வரை பார்த்துவிட்டு லைனில் குறையில்லை என்று கை கழுவினார். மூன்றாவது முறையும் போய், ஓடுகிற மோடத்தின் முன்னால் குற்றவாளி போல நின்றேன். கலைவாணியின் கணவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். மனைவியின் வேலை ஊசலாடுகிற கவலையிலும் மனிதர் நிதானம் இழக்கவில்லை. "நீங்க இருந்தா ஓடுது சார். மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு, இந்த மாசம் முடியற வரைக்கும் இங்கயே தங்கிடுங்களேன்."

சொல்லாமல் போன நாள்

பிறகு ஒருநாள் வேறு வேலையாக அரியலூர் போனவன், போன் செய்யாமலே அந்த வீட்டில் நுழைந்தேன். கூடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, டெலிபோன் எல்லாம் பூப்போட்ட உறைக்குள் இருந்தன. ஜன்னல் ஓரத்தில் குட்டியாக இன்னோர் உறை. ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியாகக் காஜா எடுத்து, ஓரத்துக்கு ஜரிகை பிடித்து, அளவு பிசகாமல் தைத்திருந்தது. அதை எடுத்தேன். உள்ளே மோடம், இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் சுட்டது. விளக்கெல்லாம் அணைந்திருந்தன. உள்அறையில் கலைவாணி, "அத்தை, மறுபடியும் போச்சு! இது பன்னெண்டு மணிக்குள்ள போயாகணும்!" என்று குரல் கொடுத்தார்.

உறை தைத்தவர் அவருடைய மாமியார். மருமகளின் வேலையே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதால், சிமெண்டுத் தூசு அண்டக்கூடாதென்று தன் பட்டுப் புடவையின் ஓரத்தைக் கிழித்துத் தைத்திருக்கிறார். அப்படியானால் நான் வந்தபோதெல்லாம் உறை எங்கே போனது என்று கேட்டேன். "வெளியாளு வர்றப்ப எல்லாத்தையும் மூடி வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? நீங்க போன் பண்ணுனதுமே எடுத்து மடிச்சு வச்சிருவேன்" என்றார். வெப்பம், காற்றோட்டம் என்று நான் ஆரம்பித்தேன். ஜன்னல் பக்கத்தில்தானே வைத்திருக்கிறோம் என்று கேட்டார். மிக்சிக்கும் உறை போடுவாராம், ஆனால் ஓடும்போது எடுத்துவிடுவாராம். இதற்கு மட்டும் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லாதது: "ஓடுற சாமான்னா சத்தம் போடணும் சார். சத்தமே போடாம கெடந்தா, தூங்குதுன்னுதானே போத்துவேன்!"

விசிறி

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மோடத்தை அணைத்து ஆற வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பனை விசிறியை எடுத்து வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மோடத்துக்கு விசிற ஆரம்பித்தார். மேலே சுற்றும் மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்ப முடியாதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் பாதி வேலையை முடித்துவிட்டார். அவரால்தான் அறுந்தது என்று தெரிந்த பிறகும் மருமகள் குறை சொல்ல நிற்காமல் ஃபைலை மறுபடி அனுப்பத் தயாரானார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசியாக எரிய வேண்டியது சற்று மினுக்கி, யோசித்து, பிறகு நிலையாக நின்றது.

ஃபைல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திருச்சியிலிருந்து போன். பேசி முடித்த கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, "நேரத்துக்கு வந்துடுச்சாம் அத்தை. இப்படியே அனுப்புனா வீட்லேருந்தே பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க" என்றார். மாமியார் விசிறுவதை நிறுத்தவில்லை. மோடத்தை முகவாயால் சுட்டிக்காட்டினார். "அவங்க ஒத்துக்கிட்டாங்க, சரி. இது ஒத்துக்கிச்சான்னு சாரைக் கேளு."

நம்பகமான மோடம் எது என்று அதன் பிறகு யார் வந்து கேட்டாலும், மாடலைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு உறை போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்க ஆரம்பித்ததும், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள்தான் அதிகம்.