காபிச் சக்கையும் ஒரு பித்தப்பைக் கல்லும்

பிளம் ஃபோர்க் ஓடைக்கரையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் வெர்டி கூம்ஸுக்குத்தான் போகும். பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்காரருக்கும் அதற்கப்புறம்தான் சொல்வார்கள். செத்தவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. அவருடைய மாத்திரைகள்தான் ஓடிவிடும்.

வெர்டி ஒரு கையில் பழைய காபிச் சக்கை நிரம்பிய தகர டப்பாவும் இன்னொரு கையில் மரக்கரண்டியுமாக வந்து நிற்பாள். செத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய குளியலறை அலமாரியைப் பார்த்துவிடுவாள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, முதுகில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி, வெந்நீர் விட்டு, யாரும் திரும்பப் பொறுக்கித் தின்ன முடியாதபடி களி கிண்டுவதுபோலக் கிண்டி, மூடியை இறுக்குவாள். அதற்கப்புறம்தான் கூடத்துக்கு வந்து, "அடப்பாவமே, எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று அழ உட்காருவாள்.

கென்டக்கியில் எங்கள் பக்கத்துச் சுரங்கம் ஆண்பிள்ளைகளின் முதுகை ஒடித்தது. ஒடிந்த முதுகுக்கு டாக்டர்கள் வாரி வாரி மாத்திரை கொடுத்தார்கள். முதுகு ஒடியாத பிள்ளைகளும் அதைத் தின்னக் கற்றுக்கொண்டார்கள். துக்கம் கேட்க வருகிறவன் வாசலில் தொப்பியைக் கழற்றுவான், விதவையின் கையைப் பிடிப்பான், உடனே பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பான்.

வெர்டியின் தம்பி லானியும் அப்படித்தான் கேட்டான். எஸ்டில் மாமா செத்த அன்று அது நடந்தது. எஸ்டில் இவர்களுக்குத் தாய்மாமன். எதிர்க்கரை ஒலீட்டாவின் அக்காளைக் கட்டியவர். பன்றித்தொடைக் கறியை எல்லோரும் தட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெர்டி அடுப்படியில் உருளைக்கிழங்கு சாலட் கிண்டிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்குப் போன லானி திரும்பவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால் தண்ணீரில்லாத தொட்டிக்குள் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான், உடம்பு சில்லிட்டிருந்தது. வெர்டி கையில் கரண்டியோடு நின்றாள். இப்போது சாவு வீடுகளுக்கு அவள் எடுத்துப் போவது அதே கரண்டிதான். லானியின் மகன் டென்வருக்கு அப்போது பதினொரு வயது.

வெர்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேர் கேட்டு வந்தார்களாம், இரண்டு பேரும் வேறு இடத்தில் கட்டி வேறு இடத்தில் செத்தார்கள். அது அவர்கள் செய்த புண்ணியம் என்பாள்.

இந்த வேலையில் அவள் ஒரே ஒரு தடவைதான் தப்பு செய்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒலீட்டாவின் புருஷன் ஹர்செல் செத்த அன்று, மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். அலமாரியில் இருந்ததையெல்லாம் வாசிக்காமல் கொட்டினாள். அதில் ஒலீட்டாவின் பிரஷர் மாத்திரையும் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. ஒரு புட்டியில் ஒலீட்டாவின் பித்தப்பைக் கல் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷனில் எடுத்த கல், புறா முட்டை அளவு இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் அதைக் காட்டுவாள். புருஷன் குழிக்குள் இறங்கும்போது நிமிர்ந்து நின்ற ஒலீட்டா, கல் போனது தெரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லுக்கெல்லாம் மன்னிப்பு கேட்கிற வழக்கம் கூம்ஸ் குடும்பத்தில் இல்லை என்று வெர்டி சொன்னாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை பெண்கள் ஒருத்தி காலை ஒருத்தி கழுவிவிட வேண்டும். ஒன்பது வருஷமாக ஒலீட்டா ஊரிலுள்ள அத்தனை காலையும் கழுவினாள், அந்த ஒரு ஜோடியைத் தவிர.

டென்வர் வளர்ந்தான், அப்பன் வழியிலேயே போனான். ஒருமுறை வெர்டியின் அடுப்படியிலேயே நீலம் பாரித்துக் கிடந்தான். போதையை முறிக்கிற மருந்தை அவள் அவன் மூக்கில் அடித்து எழுப்பினாள். எழுந்தவன் போதையைக் கெடுத்துவிட்டாயே என்று திட்டினான். வெர்டி கரண்டியாலேயே ஒன்று போட்டாள். கடைசியில் முப்பத்தோரு வயதில் மாத்திரையோடு போலீஸில் பிடிபட்டான். நீதிபதி பார்த்தார். ஒரு வருஷம் அத்தை வீட்டில் ஒழுங்காக இரு, தினம் காலையில் டவுன் கிளினிக்குக்குப் போய் போதை ஏக்கம் அடங்க நாக்குக்கடியில் மருந்து வைத்துக்கொள், வீட்டில் போதை மாத்திரை ஒன்றுகூட இருக்கக் கூடாது, மீறினால் இரண்டு வருஷம் ஜெயில் என்றார். கண்காணிக்க பிரேட்டர் அம்மாள் என்று ஒரு அதிகாரி. அந்த அம்மாள் உப்பு ஜாடிக்குள்கூடக் கைவிட்டுப் பார்ப்பாள்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஏப்ரல் மழையில், மேட்டு வீட்டில் ஒரு சாவென்று வெர்டி டப்பாவும் கையுமாக ஓடினாள். படியில் சறுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆணி அடித்து, ஒரு காகிதப் பையில் வலி மாத்திரைப் புட்டியையும் போட்டு அனுப்பிவைத்தார்கள். வரும் வழியெல்லாம் டென்வர் ரோட்டைப் பார்த்தான், அத்தை ஜன்னலைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் இருந்த பையை யாரும் பார்க்கவில்லை.

டென்வரே பிரேட்டர் அம்மாளுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னான். வியாழக்கிழமை வருகிறேன், அன்றைக்குப் புட்டி அங்கே இருந்தால் நீ அங்கே இருக்க முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

அதற்குள் ஊருக்கே பாசம் பொங்கிவிட்டது. பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத ஒன்றுவிட்ட சொந்தமெல்லாம் கோழிக்கறியும் பையுமாக வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் பாத்ரூம் அவசரம். அலமாரியை உருட்டுகிற சத்தம் படுக்கைவரை கேட்கும். வெர்டி கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். புட்டி அவள் ரவிக்கைக்குள் இருந்தது. எழுபத்து நாலு வருஷத்தில் அந்தப் பக்கம் கை நீட்டுகிற தைரியம் இந்தக் கரையில் யாருக்கும் வந்ததில்லை.

புட்டியை மறைத்தாளே தவிர, அதிலிருந்து ஒன்றும் விழுங்கவில்லை. தான் கரைத்துக் கொட்டினதையே தானே தின்பதா என்ற வீம்பு. வலியில் வாக்கரைப் பிடித்து ஓரடிகூட வைக்க முடியவில்லை. நடக்கப் பழக்க வந்த பெண், இப்படியே கிடந்தால் முதியோர் இல்லத்துக்குத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை இல்லத்துக்குப் போனால் டென்வருக்கு வீடு ஏது? அவன் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். விழுங்கினாலும் அவன் போகிறான், விழுங்காவிட்டாலும் அவன்தான் போகிறான்.

புதன்கிழமை காலை டென்வர் அவள் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல. நீ முனகுறது ஒரு காதுல கேக்குது. நீ புரண்டா அந்தப் புட்டி குலுங்குறது இன்னொரு காதுல கேக்குது. உன் முனகலவிட அதுதான் சத்தமா கேக்குது. என்னை நம்பாத."

வெர்டிக்கு இடுப்பு வலி ஒரு கணம் மறந்துபோயிற்று. லானி ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளே அவனைத் தொட்டிக்குள்ளிருந்து தூக்கியிருப்பாள்.

யாரிடம் கொடுத்து வைப்பது என்று இருவரும் யோசித்தார்கள். பாதிரியார் நல்லவர், ஆனால் அவருடைய மச்சான் நல்லவனில்லை. மருந்துக்கடை முப்பது மைல். கெஞ்சினாலும் அழுதாலும் மிரட்டினாலும் ஒரு பொருளைக் கறக்க முடியாத ஆள் வேண்டும். இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக எதிர்க்கரைக்குப் போயின. அடுத்த வீட்டுக்கு அரைக் கப் சர்க்கரைகூடக் கடன் கொடுத்தறியாத ஒலீட்டா, கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவகிட்டப் போறதுக்கு நான் செத்துடலாம்" என்றாள் வெர்டி.

"நீ செத்தா டப்பாவ யார் தூக்கிட்டு வர்றது?"

மத்தியானம் டென்வர் மரப்பாலத்தைத் தாண்டிப் போனான். திரும்பி வரும்போது பின்னால் ஒலீட்டா வந்தாள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு. கட்டில் காலடியில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பையன் எல்லாத்தையும் சொன்னான். வச்சுக்கறேன். ஆனா முதல்ல நீ சொல்லு."

"அன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்" என்றாள் வெர்டி.

"அது சாக்கு. நான் கேட்டது வேற."

வெர்டி கூரையைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற டென்வரைப் பார்த்தாள். அவன் அப்பனைப்போலவே இடது தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான்.

"கல்லக் கொட்டினது தப்புதான்."

"எப்படிப்பட்ட கல்லு?"

"பெரிய கல்லு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இந்த ஜில்லாவுலயே இவ்வளவு பெருசாப் பாத்ததில்லன்னு சொன்னாரு. போதுமாடி?"

"ஒன்பது வருஷம் ஆச்சு இதுக்கு" என்றாள் ஒலீட்டா. கையை நீட்டினாள். வெர்டி ரவிக்கைக்குள்ளிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒலீட்டா அதைத் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எந்த ரவிக்கை அதிக பத்திரம் என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை பிரேட்டர் அம்மாள் உப்பு ஜாடி, மெத்தை, மாவு டின் எல்லாம் துழாவி முடிக்கும் நேரத்தில் ஒலீட்டா வந்தாள். தையல் விரலுறைக்குள் ஒரே ஒரு மாத்திரை. வெர்டி விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை நகரவில்லை.

"நாக்கத் தூக்கச் சொல்லுங்க பெரியம்மா. கிளினிக்ல எனக்கு அப்படித்தான் பாப்பாங்க" என்றான் டென்வர்.

"தூக்குடி."

வெர்டி முறைத்தாள். பிரேட்டர் அம்மாள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெர்டி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். ஒலீட்டா குனிந்து, தேவைக்கு மேலேயே நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் நல்லாத் திற. என் கல்லு உள்ள இருந்தாலும் இருக்கும்."

தினம் இரண்டு வேளை இந்தக் கூத்து நடந்தது. திட்டிக்கொண்டே வெர்டி நடந்தாள், முதலில் கதவுவரை, பிறகு வாசல்வரை. டென்வர் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலாவது வாரம் சாதாரணத் தலைவலி மாத்திரையே போதும் என்று ஆயிற்று. புட்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒலீட்டா அதை எடுத்துக்கொண்டு வந்து, டப்பாவைக் கொண்டா என்றாள். டென்வர் காபிச் சக்கை டப்பாவையும் கரண்டியையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தான்.

ஒலீட்டா தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை ஒருமுறை வாசித்தாள். திருப்பிப் பிடித்து மறுபடியும் வாசித்தாள். அப்புறம்தான் வெர்டியைக் கொட்டவிட்டாள். கரண்டியை வெர்டி டென்வரிடம் கொடுத்தாள், அவன் கிண்டினான்.