படிக்கட்டில் அக்கா

சுவிஸின் லோசான் நகரில் பிச்சை கேட்பவர்களும் முதலில் "போன்ஷூர்" சொல்வார்கள். நாம் பதில் வணக்கம் சொன்ன பிறகுதான் கடதாசிக் கோப்பை மெல்ல நீளும். அகதியாக வந்த புதிதில், வெள்ளைக்காரர் ஒருவர் என்னிடம் கைநீட்டியதைக் கண்டு, இந்த நாட்டிலுமா என்று திகைத்து நின்றிருக்கிறேன். இப்போது நிலத்தைப் பார்த்தபடி கடந்துவிடுவேன்.

போன கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்திருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மெட்ரோவுக்கு இறங்கும் படிகளில், முழங்கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கோப்பையோடு இருந்தாள். நான் மெட்ரோ ரிக்கெற் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, இருவரும் சைகையில் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் மேலிருந்து இறங்கிவந்த கனவான் ஒருவர், நடையை நிறுத்தாமலே, அவளது கோப்பையில் ஒரு நாணயமும் அக்காவின் மடியில் ஒரு நாணயமும் போட்டுவிட்டுப் போனார்.

ஓடிப்போய் மறித்தேன். "மெஸ்யூ! அவர் என் அக்கா!" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன். அக்காவுக்காக நானும் பிச்சை கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "தெஸோலே, மன்னியுங்கள், வேறு சில்லறை இல்லை" என்று கையை விரித்துவிட்டு நடந்தார்.

"அக்கா, எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"ஒருத்தரும் பாக்கேல்லை, தம்பி. காசு போட்ட மனிசனே என்ரை முகத்தைப் பாக்கேல்லை." நாணயத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். "சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வைச்ச முகாமிலையும் இப்பிடித்தான். லொறியிலை நிண்டு சாப்பாட்டுப் பாசலை எறிவாங்கள். நானும் கையை நீட்டிக்கொண்டு பின்னாலை ஓடினனான்."

"நீங்களோ?"

"ஓம். பின்னை? பிள்ளையள் பசியிலை அழுதுகள்."

யுத்தம் முடிந்த அந்த நாட்களில், அக்காவின் குரலுக்காக நான் ஏங்கிக் கிடந்தேன். ஒருநாள் அழைப்பு வந்தது. "நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு." அவ்வளவுதான். அதை அப்படியே நம்பி, இங்கே நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் தரையைத் துடைத்து முடித்து, கன்ரீனில் வயிறாரச் சாப்பிட்டேன். அதன்பிறகு எத்தனை முறை கதைத்திருப்போம்! அந்த லொறியைப் பற்றி அக்கா ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மெட்ரோ வந்து போய்விட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சப்பாத்துக் கால்கள் எங்கள் முகத்தருகே ஏறி இறங்கின. ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்டில் வேலை செய்பவன் ஒருவனும் வந்தான். படியில் இருந்த எங்கள் மூவரையும் விலகி நடந்தான். என்னை அவன் காணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.