தீவுக்கு ஒன்றரை அங்குலம்

எங்கள் கடையில் தைத்த டிரௌசரின் காலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி மடித்திருக்கும். வேறு எந்தக் கடையிலும் இதைக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இரவல் மெஷினில் ஆரம்பித்து ஐந்து பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிற அளவுக்கு வந்தேன். நாற்பது வருஷத்தில் சொன்ன தேதி ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் அந்த ஒன்றரை அங்குலம் என் மூளை இல்லை. என் மனைவியுடையது.

கல்யாணமான புதிதில் நான் துணியை இழை பிசகாமல் வெட்டுவேன். மிச்சம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள்தான், "வளர்ற பிள்ளைங்கங்க. ஆறு மாசத்துல முட்டிக்கு ஏறிடும். பிரிச்சு இறக்க ஓரம் விடுங்க" என்றாள்.

"கடை நீ நடத்துறியா, நான் நடத்துறேனா?" என்று கத்தினேன். மறுநாள் கத்தரி தானாகவே ஒன்றரை அங்குலம் தள்ளிப் போனது.

அவள் எட்டாவது படித்தவள். எனக்கு எண் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அளவு நோட்டில் இலக்கம் நான் போடுவேன், பெயர் அவள் எழுதுவாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதும் அவள்தான். முப்பத்தாறு வருஷம், ஒரு காஜாவில் ஒரு பிசிறு இருந்ததில்லை.

அவள் மெஷினுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் படம். பெரிய ஏரி, நடுவில் தீவு, தீவு முழுக்க ராஜா காலத்து அரண்மனை. மாதத் தாள்கள் கிழிந்து இருபது வருஷமாகிறது. படத்தை மட்டும் கழற்ற விடமாட்டாள். "அந்த மேல் ஜன்னல்ல நின்னு கீழ தண்ணியைப் பார்க்கணும்" என்பாள். "சீசன் முடியட்டும்" என்பேன். தையற்காரனுக்குச் சீசன் என்றைக்கு முடிந்தது?

இந்த வருஷம் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நாலைந்து தடவை ஆனது. கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடது கண் போய்விட்டது, வலது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம், அதற்குமேல் மருந்தில்லை என்றார். வெளியே வந்து அவள் அழவில்லை. "ஏங்க, அந்தத் தீவு" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலேயே இருக்கிற படகு டிக்கெட் ஆபீசுக்கு நானே போய் நோட்டீஸ் வாங்கி வந்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமில்லை. எல்லாம் இலக்கம்தானே? பதினெட்டாம் தேதி நூற்றைம்பது செட் சீருடை கொடுக்க வேண்டும். பத்தொன்பது காலை ரயில். மூன்று மணிக்கு இறங்கினால் மூன்றரைக்குப் படகு. தீவில் ஒரு ராத்திரி. இருபத்தொன்றில் கடை திறந்திருக்கும். என் வெட்டு மாதிரியே, துளி வீண் இல்லை.

இன்று காலை, ஒன்பதாம் தேதி, "எங்க, படிங்க கேக்கறேன்" என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் நான் படித்து அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. நேரங்களை மளமளவென்று சொன்னேன்.

"கீழ ஏதோ பொடி எழுத்து இருக்கற மாதிரி தெரியுதே?"

"அது ஏதோ விளம்பரம்."

அவள் நோட்டீஸை வாங்கி மூக்கு இடிக்கப் பிடித்துக்கொண்டு, நான் படிப்பதைப் போலவே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "பதினாறாம் தேதி முதல் காற்றுக் காலம். மூன்று மாதம் படகு ஓடாது."

மெஷினை நிறுத்திவிட்டேன். நோட்டீஸை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஓரம் விட்டீங்க. எனக்கு மட்டும் அளவா வெட்டிட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எதிர்த்தெருவில் புதிதாகக் கடை போட்டவனுக்கு நான் வைத்த பெயர் 'ஒட்டுத்துணி'. ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. சீருடை மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன்.

"என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"அறுபது செட் முடிஞ்சுது. தொண்ணூறு வெட்டி வெச்சிருக்கேன். தைச்சு பதினெட்டுல பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடு."

"எந்தக் கடைப் பேர்லண்ணே?"

"உன் பேர்லயே கொடு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்டி வைத்த டிரௌசர் கால் ஒன்றை விரித்துப் பார்த்தான். "ஓரத்துல இவ்வளவு துணியா? நறுக்கிடவா?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். அது உங்க அண்ணி விட்டது."

நாளைக் காலை கிளம்புகிறோம். பதினைந்தாம் தேதி கடைசிப் படகில்தான் திரும்புவோம். ரயில் தாமதமாகட்டும், ஒரு நாள் மழை மறைக்கட்டும், அதற்கும் நாள் விட்டிருக்கிறேன்.

கடைக் கதவில் மாட்ட ஓர் அட்டையில் நானே எழுதினேன். அவள் கிட்டே வந்து, முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள்.

"விடுமுறைக்குப் பெரிய ற போடணுங்க."

"அடிச்சுட்டு எழுத இடமில்லையே."

"ஓரம் விடாம எழுதினா எப்படி இருக்கும்?"

வேறு அட்டை எடுத்தேன்.